வேட்டையும் கிழங்கும்

ஆதிமனிதன் எவ்வாறு உணவு பெற்றான் என்று எமது வகுப்பு மாணாக்கரை வினவினால், ஒருமுகமாக வரும் விடை 'வேட்டையாடி' என்பதே. சென்ற தவணைப் பரீட்சையில் இவ்வினாவையே கொடுத்திருந்தோம். விடைத்தாள்களில் ஈட்டி இருந்தது, வில் இருந்தது, கற்கோடரி இருந்தது. யானையையும் காட்டெருமையையும் வீழ்த்திய வீரமும் இருந்தது. 'காய், கனி, கிழங்கு முதலியனவும் உண்டான்' என்ற வாக்கியம் சிலருடைய தாள்களின் கடைசியில், இடம் மிஞ்சியதால் எழுதப்பட்டது போல ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த 'முதலியனவும்' என்பதைப் பற்றியே நாம் இங்கு எழுத முனைகின்றோம்.

மாணாக்கரைக் குறைகூறுவதற்கில்லை. அவர்கள் பார்த்து வளர்ந்த படம் அத்தகையது. குகை வாயிலில் தீ எரிகின்றது. ஆடவர் இறைச்சியைத் தோளிற் சுமந்து வருகின்றனர். பெண்ணொருத்தி குழந்தையை அணைத்தவாறு தீயருகே அமர்ந்து அவர்தம் வரவை எதிர்நோக்கியிருக்கின்றாள். அவள் கையில் யாதொன்றும் இல்லை. இப்படத்தை முதலில் வரைந்தவர் கற்காலத்தை வரையவில்லை. சம்பளம் வாங்கும் கணவன் மாலையில் வீடு திரும்பும் நடுத்தரக் குடும்பமொன்றை வரைந்து, அதற்குத் தோலாடை உடுத்திவிட்டார் என்றே கொள்ளவேண்டும்.

பாடநூற் படங்களோடு இது நின்றுவிடவில்லை. 1966ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் மானிடவியலறிஞர் பலர் கூடி, வேட்டையாடி உணவு திரட்டி வாழும் மக்களைப் பற்றி ஆராய்ந்தனர். அவ்வாய்வுரைகள் 1968இல் நூலாக வெளிவந்தபோது அதற்கு 'வேட்டையாளனாகிய மனிதன்' எனும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயர் சூட்டப்பட்டது. வொஷ்பேர்ண், லங்காஸ்டர் என்போர் அதில் எழுதிய கட்டுரை, எமது அறிவும் உணர்ச்சிகளும் அடிப்படைச் சமூக வாழ்வும் வேட்டையின் வெற்றியால் விளைந்தவை என்று சாதிக்கின்றது. அதே நூலில், அதே அட்டைகளுக்கிடையில், றிச்சர்ட் லீ எழுதிய கட்டுரையும் இருக்கின்றது. கலகாரிப் பாலைப் புறத்தே, பொற்சுவானாவின் டோபே பகுதியில், அன்று குங் என எழுதப்பட்ட மக்களிடையே வாழ்ந்து, அவர்கள் உண்டதை நிறுத்துக் கணக்கெடுத்தவர் லீ. அவர்களது உணவில், நிறையளவில், நூற்றுக்கு 60 முதல் 80 வரையிலான பங்கு தாவர உணவு என்றும், அதில் மொங்கொங்கோ என்னும் கொட்டையே தலையாயது என்றும் அவர் காட்டினார். நூலின் உள்ளே கொட்டை. நூலின் முகப்பில் வேட்டை. தலைப்பைத் தம் கையிலிருந்த சான்றே மறுக்க, அச்சான்றைக் கொணர்ந்த லீயே அந்நூலின் பதிப்பாசிரியர் இருவருள் ஒருவராகவும் இருந்தார் என்பது வியப்புக்குரியது. 1971இல் சாலி லின்டன் என்னும் பெண்மணி இத்தலைப்பைத் திருப்பிப் போட்டு, 'திரட்டுபவளாகிய பெண்' எனும் பொருளில் கட்டுரை எழுதிய பின்னரே இது குறையெனப் பலருக்கும் பட்டது.

இது முதலாளித்துவ நாட்டு அறிஞரின் குறை, எமக்கென்ன என்று வாசகர் ஒதுங்கிவிட வேண்டாம். எம்மவர் பெரிதும் போற்றும் நூல்களையே எடுத்துக்கொள்வோம். எங்கெல்ஸ் 1884இல் வெளியிட்ட குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றிய நூலில், மோர்கனின் 1877ஆம் ஆண்டு நூலைத் துணைக்கொண்டு ஆதிநிலைகளை வகுக்கின்றார். முதல் நிலையிற் கனியும் கொட்டையும் வேரும் உணவு. அடுத்த நிலையிற் சூடான சாம்பலிலும் குழிகளிலும் சுட்ட மாவுக் கிழங்குகள் சேர்கின்றன. அவ்விடத்தே அவர் கூறும் கருத்தொன்று எம்மவரால் ஏனோ கவனிக்கப்படவில்லை. வேட்டையை மட்டுமே நம்பி வாழ்ந்த மக்கள் நூல்களில் உளரே தவிர உலகில் ஒருபோதும் இருந்ததில்லை. வேட்டையின் பயன் அத்துணை நிச்சயமற்றது என்பதே அக்கருத்து. லீயின் கணக்கு வருவதற்கு எண்பதாண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்ட வாசகம் இது.

ஆயின் அதே எங்கெல்ஸ், குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பு வகித்த பங்கைப் பற்றி 1876இல் எழுதி 1896இல் அச்சேறிய கட்டுரையில், இறைச்சியுணவுக்கு மிகப் பெரிய இடத்தைக் கொடுத்திருக்கின்றார். மூளை வளர்ச்சிக்குப் போதிய ஊட்டம் அதிலிருந்தே கிடைத்தது என்பது அவர் துணிபு. எம்மவர் மேடையிலும் ஏட்டிலும் எடுத்தாளுவது இப்பிந்திய கட்டுரையைத்தான். ஆசிரியர் ஒருவரின் இரு கூற்றுக்கள் இருவேறு திசையில் நிற்கும்போது, பழக்கத்துக்கு இசைந்ததை எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவது எவ்வகைப் பற்றுறுதி என்பது எமக்கு விளங்கவில்லை.

தாவர உணவு ஏன் இவ்வாறு கண்ணுக்கு மறைந்தது? முதற்காரணம் எளியது. எலும்பு கிடக்கும், இலை அழுகும். கல்லில் வடித்த அம்புமுனை இலட்சம் ஆண்டு கழித்தும் கிடைக்கும். கிழங்கு தோண்டிய கோல் பத்தாண்டில் மண்ணாகும். கருகிய தாவரத் துணுக்கு மட்டுமே நீடித்திருக்கும், அதுவும் கடுகளவாகவோ தினையளவாகவோ இருக்கும். அகழ்ந்த மண்ணை நீரிலிட்டு, மிதந்தெழும் கரித்துணுக்குகளை வடித்தெடுக்கும் முறை 1960களிலேயே பரவலாயிற்று. அதற்கு முன் அகழ்ந்தோர் பெரும்பாலும் கல்லையும் எலும்பையும் பொறுக்கிக்கொண்டு, சமையலை மண்ணோடு மண்ணாகக் கொட்டிவிட்டனர். பின்னர் நுணுக்குக்காட்டியின் உதவியால் அரைகல்லில் ஒட்டிய மாப்பொருள் மணிகளையும், பல்லிற் படிந்த காரையில் அகப்பட்டவற்றையும் காண முடிந்தது. தென்னாபிரிக்க எல்லையிலுள்ள ஒரு குகையில் ஏறத்தாழ 1,70,000 ஆண்டுகளுக்கு முன் சாம்பலிற் சுட்ட கிழங்குகள் கிடைத்தமை 2020இல் வெளியாயிற்று. இசுரவேலில், யோர்தான் ஆற்றங்கரையில், ஏறத்தாழ 7,80,000 ஆண்டுப் பழைமை வாய்ந்த இடமொன்றிற் கொட்டை உடைத்த குழிக்கற்கள் கிடைத்துள்ளன. அக்காலத்தில் எம்மையொத்த மனித இனமே தோன்றியிருக்கவில்லை.

இரண்டாவது காரணம் மண்ணில் இல்லை, தேடுவோர் மனத்தில் இருக்கின்றது. எகிப்தில் அஸ்வான் நகருக்கு அண்மையிலுள்ள வாடி குபானியாவில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குடியிருப்புக்கள் அங்கு அகழப்பட்டன. வாற்கோதுமை மணிகள் சில கிடைத்ததும், உலகின் மிகப் பழைய பயிர்ச்செய்கை அகப்பட்டது என 1979இல் அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அம்மணிகளையே நேரிற் காலக்கணிப்புச் செய்தபோது, அவை பிற்காலத்திற் புகுந்தவை எனத் தெரிந்தது. தானியம் பொய்த்தது. பின்னர் கோடன் ஹில்மன் என்னும் தாவரவியலறிஞர் எஞ்சிய கரித்துணுக்குகளைப் பொறுமையுடன் ஆராய்ந்தார். அவற்றுட் பெரும்பாலானவை கோரைக்கிழங்கு!

எமது வயல்களிலும் வெங்காயப் பாத்திகளிலும் தலைகாட்டி, எத்தனை முறை பிடுங்கினாலும் மீண்டும் முளைத்து உழவரின் வசவை வாங்கும் அதே கோரைதான். வைத்தியர் முத்தக்காசு என்பர். வேளாண் நூலார் உலகின் மிகக் கொடிய களை என்பர். நைல் நதிக்கரையில் ஒரு மக்கட் கூட்டம் அதை நம்பி வாழ்ந்திருக்கின்றது. கோரைக்கிழங்கு இளமையில் எளிதில் உண்ணத்தக்கது. முற்றினால் நாரும் கசப்பும் மிகும். ஆகவே அதனைத் தோண்டுவதோடு வேலை முடிவதில்லை. தோல் தேய்த்து நீக்கவேண்டும், அரைக்கவேண்டும், கழுவியோ சுட்டோ கேட்டை அகற்றவேண்டும். அவ்விடத்திற் கிடைத்த அரைகற்கள் தானியம் அரைத்தவை என்று முதலில் எண்ணப்பட்டன. அவை கிழங்கு அரைத்தவை. இன்னும் ஒன்று. கோரையை ஆண்டுதோறும் தோண்டத் தோண்டப் பழங்கிழங்குகள் நீங்கிப் புதுக்கிழங்குகள் செறிந்து பிடிக்கும் என ஹில்மன் எடுத்துக்காட்டினார். எமது உழவர் இதனைச் சலிப்போடு அறிவர்; அம்மக்கள் இதனைப் பயனோடு அறிந்திருப்பர்.

கோரைக்கதையில் நாம் காண்பது அறிஞர் சிலரின் தடுமாற்றத்தை மட்டுமன்று. தானியம் என்றால் நாகரிகம், கிழங்கு என்றால் காட்டுவாழ்வு என்ற ஏற்றத்தாழ்வு ஆய்வுகூடத்துக்குள்ளும் புகுந்திருந்தது என்பதையும் காண்கின்றோம்.

இனி எமது இலங்கைக்கு வருவோம். ஈரவலயத்துக் குகைகள் கற்கால மனிதரின் வாழ்விடங்களாய் இருந்தமை உலகறிந்த செய்தி. களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வாழ்ந்தனர். குருவிற்றைக்கு அண்மையில் பட்டதொம்பலெனவும், கித்துல்கலையிற் பெலிலெனவும் உள்ளன. இக்குகைகளைப் பற்றிய ஆராய்ச்சியை விரிந்த முறையில் நடத்திய சிரான் தெரணியகல, 1992இல் தமது பெருநூலை வெளியிட்டார். குகைகளிற் கிடைத்த எலும்புகளுள் யானையும் எருமையும் அல்ல, குரங்கும் மலையணிலுமே மிகுதி. எமது மாணாக்கரின் வீரக்காட்சிகள் இங்கேயே பாதி அடிபட்டுப் போகின்றன.

பெலிலெனத் தாவரச் சிதைவுகளைப் பூனா தக்காணக் கல்லூரியைச் சேர்ந்த கஜலே ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார். அவர் இனங்கண்டவற்றுள் மூன்று முதன்மையானவை: சிங்களத்திற் கெக்குண என வழங்கும் மரத்தின் கொட்டை, காட்டு ஈரப்பலா, காட்டு வாழை. கெக்குணவும் காட்டு ஈரப்பலாவும் இத்தீவில் அன்றி வேறெங்கும் இயல்பாய் வளராதவை. பலாக்கொட்டையைச் சுட்டுத் தின்றறியாத பிள்ளை எம்மிடையே இல்லை. காட்டு ஈரப்பலாவின் வித்தையும் இன்றுங்கூட மலைநாட்டுக் கிராமத்தார் வறுத்துண்பர். கெக்குணவின் உள்ளே எண்ணெய்ச்சத்து நிறைந்த பருப்பு உண்டு, ஆனால் அதன் ஓடு கல்லையொத்தது. அக்குகைகளிற் கிடைக்கும் நடுவே குழிந்த கற்கள் எதற்கென்று ஊகிக்க இதற்குமேற் சான்று வேண்டியதில்லை.

இம்மூன்று தாவரங்களும் ஏன் எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன என்பதைச் சொல்லவேண்டும். கஜலேயின் ஆய்வு வெளிவந்த அதே காலத்தில், 1987இல் தோமஸ் ஹெட்லன்டும் 1989இல் றொபேட் பெய்லி முதலியோரும் ஒரு கேள்வியை எழுப்பினர். வெப்பமண்டல மழைக்காட்டில் மாவுச்சத்து அரிது. ஆகவே பயிரிடும் அயலாரோடு பண்டம் மாற்றிக் கொள்ளாமல், காட்டை மட்டுமே நம்பி மனிதர் எக்காலத்திலேனும் வாழ்ந்திருக்க முடியுமா என்பது அக்கேள்வி. முடியாது என்பதே அவர்கள் சாய்வு. உழவர் எவரும் இல்லாத காலத்தில், அடர்ந்த காட்டின் நடுவே, பல்லாயிரம் ஆண்டு தொடர்ந்து தீ மூட்டி வாழ்ந்தோரின் சமையற் கழிவு அப்போதே கித்துல்கலைக் குகையிற் கிடந்தது. 2015இல், இலங்கையின் பழைய மாந்தர் 26 பேரின் பல்மிளிரியை இரசாயன முறையில் ஆராய்ந்தோர், அவர்கள் உணவு ஏறக்குறைய இருபதினாயிரம் ஆண்டுகளாகக் காட்டைச் சார்ந்தே இருந்தது என நிறுவினர். பல் ஆராய்ச்சி காட்டுணவையும் வெளிநிலத்துணவையும் பிரித்துக் காட்டுமேயன்றி, இறைச்சி இத்துணை, கிழங்கு இத்துணை என நிறுத்துக் காட்டாது என்பதையும் சேர்த்தே சொல்கின்றோம். கருகிய ஓடும் அவ்வாறே: உண்டது எது என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

இவ்விடத்தே எமது மொழி எம்மை ஏமாற்றுவதையும் கவனிக்கவேண்டும். இத்தீவின் பழங்குடிகளை நாம் வேடர் என்கின்றோம். அவர்களுட் பலர் தம்மை வன்னியல எத்தோ, அதாவது காட்டு மாந்தர் என்பர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலைப் புரட்டினால், காட்டுக்கிழங்கும் தேனும் அவர்தம் வாழ்வில் எத்துணை இடம்பெற்றன என்பது தெரியவரும். ஆயினும் அயலார் இட்ட பெயர் வில்லை மட்டும் கண்டது, கிழங்குக்கோலைக் காணவில்லை. மற்றுமொரு எச்சரிக்கையும் தேவை. வேடரைக் கற்காலத்தின் எச்சமெனக் காட்டி, குகை மனிதரை அவர்களைக் கொண்டு விளக்குவது தவறு. உழவரோடும் அரசரோடும் வாணிகரோடும் ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக அயல்வாழ்வு வாழ்ந்து, நிலமும் காடும் இழந்து இன்றைய நிலையை அடைந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் எம்மைப்போலவே சரித்திரம் உண்டு.

இதுவரை சொன்னவற்றால் நாம் வந்து சேரும் கேள்வி உழைப்பைப் பற்றியது. கோடன் சைல்ட் 1936இல் எழுதிய 'மனிதன் தன்னைத் தானே ஆக்கிக்கொள்கிறான்' எனும் பொருள்படும் நூல் எம்போன்றோர் பலருக்குச் சரித்திரக் கண்ணைத் திறந்த நூல். உணவு திரட்டிய காலம், உணவு உற்பத்தி செய்த காலம் என அவர் வகுத்த பிரிவு இன்றும் எமது கட்டுரைகளில் வாய்பாடாய் இருக்கின்றது. அவர் காலத்திற் சான்றுகள் குறைவு. அவரைப் பழிப்பது முறையன்று. ஆயின் வாய்பாட்டை அவ்வாறே ஒப்புவிக்கும் எம்மைப் பழிக்கலாம். 'திரட்டல்' என்ற சொல், இயற்கை தானே சமைத்து வைத்ததை மனிதர் குனிந்து எடுத்துக்கொண்டது போன்ற எண்ணத்தைத் தருகின்றது. போர்னியோவின் நியா குகையில் நாற்பதினாயிரம் ஆண்டளவில் உண்ணப்பட்ட கிழங்குகளிலும் கொட்டைகளிலும் சில கொடிய நஞ்சுடையவை. அவற்றைச் சாம்பலிற் புதைத்தும் நீரில் ஊறவைத்தும் நஞ்சு நீக்கியே உண்ணவேண்டும். எத்தனை நாள் புதைப்பது, எத்தனை முறை கழுவுவது என்பவற்றை ஒருவர் தவறாகச் செய்தால் ஒரு குடும்பமே மடியும். கருவி உண்டு, நுட்பம் உண்டு, தலைமுறைக்குத் தலைமுறை கைமாறும் அறிவு உண்டு, பொருளின் தன்மையை மாற்றும் வினை உண்டு. இது உற்பத்தி அன்று என்றால் உற்பத்தி என்பது யாது?

இவ்வுழைப்பைக் கணக்கில் விடும் பழக்கம் நல்லெண்ணம் படைத்தோரையும் விடவில்லை. லீயின் முதற் கணக்குப்படி டோபே மக்கள் வாரத்தில் இரண்டரை நாளுக்கும் குறைவாகவே உணவு தேடினர். இதனைக் கொண்டு மார்ஷல் சாலின்ஸ், 1972இல் நூலாக வந்த தமது கட்டுரையில், வேட்டுவ வாழ்வே ஆதிச் செல்வச் சமுதாயம் என்றார். முதலாளித்துவத்தின் ஓயாத ஓட்டத்தை எள்ளி நகையாட அது நல்ல ஆயுதம்; எமக்கும் ஒருகாலத்தில் அது மிகப் பிடித்திருந்தது. ஆயின் அக்கணக்கிற் காட்டுக்குச் சென்று வந்த நேரமே சேர்ந்திருந்தது. கொட்டை உடைத்த நேரம், சமைத்த நேரம், விறகும் நீரும் சுமந்த நேரம், கருவி செய்த நேரம் சேரவில்லை. லீயே 1979இல் அவற்றையும் கூட்டியபோது வாரத்துக்கு 40 மணித்தியாலத்தைத் தாண்டியது. அடுப்படி வேலையை வேலையென எண்ணாத வழக்கம் கலகாரி வரை சென்று, கணக்குப் புத்தகத்தில் ஏறி, பொற்காலமாய்த் திரும்பி வந்தது!

திரட்டியவர் பெண்டிர், வேட்டையாடியவர் ஆடவர் என்று பாத்தி கட்டி நிறுத்துவதும் பிழையாகலாம். பெரு நாட்டு மலையிடமொன்றில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இளம்பெண் ஒருத்தி வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டிருந்தமை 2020இல் அறிவிக்கப்பட்டது. ஒரு படத்தைக் கிழித்துவிட்டு அதே சட்டத்தில் மற்றொரு படத்தை மாட்டுவதில் எமக்கு விருப்பமில்லை.

தமிழ் கற்பிப்போராகிய எமக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் திணைக்கோட்பாட்டைச் சமுதாய, பொருளாதார அடிப்படையில் விளக்கிய பின்னர், ஐந்நிலங்களை வாழ்க்கைமுறையோடு சேர்த்து நோக்கும் வழக்கம் எம்மிடையே வேரூன்றியது. அது பெரும்பேறு. ஆயின் அது பரீட்சைக் குறிப்பாகச் சுருங்கியபோது, 'குறிஞ்சி: வேட்டை, முல்லை: மேய்ச்சல், மருதம்: உழவு' என ஒவ்வொரு சொல்லாயிற்று. பழைய அகப்பொருள் இலக்கணத்தார் இவ்வாறு சுருக்கவில்லை. குறிஞ்சி மக்களின் தொழிலைச் சொல்லுமிடத்துத் தினைப்புனம் காத்தலோடு தேன் எடுத்தலையும் கிழங்கு அகழ்தலையும் தவறாது சேர்த்தனர். இலக்கணத்தார் மறவாததை முற்போக்காளர் மறந்தோம். புறநானூற்றின் 109ஆம் பாட்டிற் கபிலர், பறம்புமலை ஏர் பூட்டாமலே தரும் நான்கு பயன்களை எண்ணுகின்றார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். நான்கில் ஒன்றேனும் வேட்டையன்று. ஆயின் இப்பாட்டைக் கற்கால வாழ்வுக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர், அது பொருந்தாது. வேந்தரும் முற்றுகையும் கொடையும் நிலவிய காலத்துப் பாட்டு அது. வயல்வளம் கொண்ட வேந்தர் வெளியே காத்திருக்க, காட்டுவளம் உள்ளிருப்போரைப் பட்டினியிலிருந்து காக்கும் என்பதே அதன் வாதம். உழவு வந்த பின்னரும் கிழங்கும் பலாவும் வாழ்வின் காப்பாக நிலைத்திருந்தன என்பதற்கு மட்டுமே அதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

அடுத்த தவணைக்கு வினாவை மாற்றி எழுதியிருக்கின்றோம். கெக்குண மரத்தடியில் விழுந்து கிடக்கும் கனி ஒன்று, பிள்ளையொன்றின் வாய்க்கு உணவாய்ச் சென்று சேர்வதற்கு இடையில் செய்யப்படவேண்டிய வேலைகளை ஒன்றும் விடாமல் எழுதுக. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய கருவி எது, அதனைக் கற்பித்தவர் யாராயிருக்கலாம் என்பதையும் குறிப்பிடுக. புள்ளி இருபது. சக ஆசிரியர் ஒருவர் இதனைப் பார்த்துவிட்டு, இது சரித்திர வினாவா, மனையியல் வினாவா என்று கேட்டார்.